மேல் குழாயில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்

மாத்தளைக்கு வடக்கே, அலுவிகாரைக்கும் பலாபத்வலைக்கும் இடையில் ஓடும் சைக்கிள்களைக் குனிந்து பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே அடையாளம் தெரியும். பெடலுக்குச் சற்று மேலே, கீழ்க் குழாயில், தீப்பெட்டி அளவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். 'ஸக்கரியா சைக்கிள் வேர்க்ஸ்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். காற்று அடித்ததற்கும் பஞ்சர் போட்டதற்கும் அது கிடைக்காது. பிரித்துப் பூட்டிய சைக்கிளுக்கு மட்டும்தான். பழைய சைக்கிளை விற்கிறவர்கள், "ஸ்டிக்கர் ஈக்கி, பாருங்க" என்று அது இருப்பதைக் காட்டி விலை கேட்பதும் உண்டு.

ஸக்கரியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது; ஊருக்கெல்லாம் அவர் 'நானா', அதாவது அண்ணன். முப்பத்தாறு வருடமாக அலுவிகாரையில் வீதியோரம் அதே கடை, பின்னால் அதே வீடு. இரண்டு விஷயங்களில் அவருக்குப் பெயர். ஒன்று காது. சைக்கிள் கடை வாசலில் வந்து நிற்பதற்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மற்றது இறுக்கம். எந்த நட்டையும் போதும் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு திருகு கொடுப்பார். "இது ரோட்டுக்கு" என்பார். யட்டவத்தவிலிருந்து இரண்டு மூட்டை மிளகோடு பள்ளத்தில் இறங்கி வரும் இரும்புச் சைக்கிளுக்கு அந்த ஒரு திருகு உயிர். அவர் பூட்டிய நட்டு தானாகக் கழன்றது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடையின் நடுவில், தரையில் சிமெந்து வைத்து நட்ட ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் தலையில் ஒரு வைஸ். வைஸின் இரண்டு தாடைகளுக்கும் பலாக்கட்டை பொருத்தி, உருண்டைக் குழாய்க்கு ஏற்றபடி குடைந்து, மேலே பழைய டியூப் சுற்றியிருக்கிறார். சைக்கிளின் மேல் குழாயை அதில் கவ்வக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவார். வைஸின் கைப்பிடியைச் சுற்றி இறுக்குவார். அங்கேயும் ஒரு திருகு கூடத்தான். இல்லாவிட்டால் பெடலை அழுத்தும்போது சைக்கிள் வைஸிலேயே சுழன்றுவிடும்.

சென்ற வருடம் ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, அந்த வைஸில்தான் தர்ஷிகா டீச்சரின் சைக்கிள் ஏறியது.

தர்ஷிகாவுக்கு இருபத்தொன்பது வயது. மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்பில் அவளுக்கு முதல் சைக்கிளைப் பூட்டிக் கொடுத்தவர் ஸக்கரியா. இப்போது மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தாள். ஒக்டோபரில் தேசிய மட்டம். அதற்காக அவளுடைய அண்ணன் சசிக்குமார், டோஹாவில் வேலை செய்பவன், விடுமுறைக்கு வரும்போது ஒரு நல்ல சைக்கிள் பிரேம் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான். "ஒரு தடவதான் வாங்குவேன். டைட்டேனியமா காபனான்னு ஒரு மாசத்துக்குள்ள சொல்லு. அப்புறம் மாத்தச் சொல்லி அழக்கூடாது."

அவள் அந்தக் கேள்வியை நேரே ஸக்கரியாவிடம் கொண்டுவந்தாள். மூன்று வாரம் தவணை கேட்டார் அவர். காபன் என்கிற கரி இழைப் பிரேமையும் டைட்டேனியப் பிரேமையும் படத்தில் தவிரப் பார்த்ததில்லை என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. பதிலாக, ஒவ்வொரு நாளும் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து போனில் வீடியோ பார்த்தார். ஒரு நாள் கடையை மூடிவிட்டுக் கண்டிக்குப் போய், ஒரு கடையில் தொங்கிய டைட்டேனியம் பிரேமை வாங்க வந்தவர் போலத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். சாம்பல் நிறம், பெயின்ட் இல்லை, தட்டினால் கோயில் மணியின் கடைசி அதிர்வு மாதிரி ஒரு சத்தம். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் தனக்குப் பிடித்ததற்கும் டீச்சருக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வியாழன் காலை, தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி ஸுபைதாவிடம் முடிவைச் சொன்னார்.

"காபன்தான். புள்ள ஓடப்போறது போட்டிக்கி. அரக் கிலோவுக்கு மேல கொறையுது. மேட்டுல அது பெரிய விஷயம்."

"அப்ப டைட்டேனியம்?"

"அது ஆயுசுக்கும் வெச்சி ஓட்டுறவங்களுக்கு. இவள்ட கால்ல இன்னும் நாலஞ்சி வருஷம்தான் போட்டி ஈக்கி."

பத்து மணிக்குத் தர்ஷிகா வந்தாள். அண்ணனோடு படித்த துஷாந்த் என்பவர் கண்டியில் இன்ஜினியர். அவருடைய காபன் சைக்கிளை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க இரவல் வாங்கியிருந்தாள். கறுப்பு, பளபளப்பில்லாத கறுப்பு. ஒரு கையால் தூக்கிப் படியேற்றினாள்.

கடையில் இருளாண்டி பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தன் பழைய இரும்புச் சைக்கிளில் வந்து, ஓசிப் பத்திரிகையை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, நாடு எங்கே போகிறது என்று ஸக்கரியாவைக் கேட்டுவிட்டுப் போவார். வேறு இரண்டு பேர் டயர் மாற்ற நின்றிருந்தார்கள்.

"என்ன டீச்சர், சைக்கிளத் தூக்கிட்டு வாறீங்க? அதுதானே உங்களத் தூக்கிட்டு வரணும்?" என்றார் இருளாண்டி.

"இதத் தூக்குறதுக்கு நீங்களே போதும் மாமா. ஒரு கையால தூக்கிப் பாருங்க."

இருளாண்டி தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சைக்கிளையும் ஒரு தடவை தன் கையையும் பார்த்தார். "உள்ளுக்கு ஒண்ணும் வைக்க மறந்துட்டானுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷிகா ஸக்கரியா பக்கம் திரும்பினாள்.

"நானா, மேடு ஏறும்போது பெடல் கிட்ட கிறீச்சுன்னு ஒரு சத்தம். துஷாந்த் அண்ணாகிட்ட திங்கக்கிழமை குடுக்கணும், சத்தத்தோட எப்படிக் குடுக்கிறது? ஆனா ஒண்ணு, இதச் சீட்டுத் தண்டுலதான் பிடிக்கணுமாம். பிரேம்ல பிடிக்கவே கூடாதுன்னு அவரு நாலு தடவ சொன்னாரு."

"நீங்க உள்ளுக்குப் போய் தேத்தண்ணி குடிங்க மகள். முப்பத்தாறு வருஷமா பிடிக்கிறேன்."

அவள் உள்ளே போனாள். ஸக்கரியா முதலில் அவள் சொன்னபடிதான் செய்ய முயன்றார். அந்தச் சைக்கிளின் சீட்டுத் தண்டு உருண்டையாக இல்லை. மாவிலை மாதிரித் தட்டையாக இருந்தது. அவருடைய கட்டைகளின் குடைவுக்குள் அது நிற்கவில்லை, வழுக்கியது. இரண்டு தடவை முயன்றார். பிறகு மேல் குழாயைக் கொடுத்து மெதுவாக இறுக்கினார். மிக மெதுவாக. பிறகு பெடலைக் கழற்ற ஸ்பேனர் சாவியை வைத்து அழுத்தினார். சைக்கிள் வைஸுக்குள் வழுக்கிச் சுழன்று, பின் சக்கரம் அவர் தோளில் இடித்தது.

"நானா, சைக்கிள் உங்களுக்கு முதுகு காட்டுது!" என்றார் டயர் மாற்ற வந்தவர்களில் ஒருவர்.

"லேசான சாமானுக்கெல்லாம் நானா கை செட்டாகாது" என்றார் மற்றவர்.

"சும்மா இருங்கப்பா. அந்தக் கை அளந்து பாக்கிற மீட்டர்" என்றார் இருளாண்டி.

ஸக்கரியா சைக்கிளை நிமிர்த்தினார். வைஸின் கைப்பிடியைப் பிடித்தார். போதும் என்கிற இடம் வந்தது. அது போதும் என்று அவருடைய கை அவருக்குச் சொன்னது. பின்னால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஒரு திருகு கொடுத்தார்.

டிக்.

காய்ந்த கறுவாப்பட்டை ஒன்று ஒடிந்தது போன்ற சிறிய சத்தம். அதே நேரத்தில் தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வேறு யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஊரே புகழும் காது அவருடையது. கேட்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லாமல் போனது.

வேலையை முடித்தார். கிறீச் சத்தத்துக்குக் காரணம் உள்ளே காய்ந்துபோன சேறு. துடைத்துப் பூட்டப் பத்து நிமிடம். பிறகு வைஸைத் தளர்த்தி, சைக்கிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மேல் குழாயைத் துணியால் துடைப்பது போல் தடவினார். விரல் நகத்தில் ஒரு கோடு தட்டியது. அரைத் தீக்குச்சி நீளம், தலைமுடி மாதிரி மெல்லியது. பெருவிரலால் அழுத்தினார். பால்மாத் தகரத்தின் மூடி மாதிரி அந்த இடம் இலேசாக உள்ளே போய், திரும்பி வந்தது.

மேசை இழுப்பறையில் ஸ்டிக்கர் கட்டு இருந்தது. அவர் யோசித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. கை போனது, ஒன்றை உரித்தது, மேல் குழாயில் அந்தக் கோட்டுக்கு மேலே சரியாக ஒட்டி, பெருவிரலால் நான்கு மூலையும் தேய்த்தது.

தர்ஷிகா வெளியே வந்தாள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எல்லாருக்கும் கீழ ஒட்டுவீங்க. எனக்கு மட்டும் மேலயா நானா?"

"டீச்சருக்கு மரியாத" என்றார் இருளாண்டி.

ஸக்கரியா துணியை மடித்தார்.

"சரி, தவணை முடிஞ்சிரிச்சி" என்றாள் அவள். "சொல்லுங்க. டைட்டேனியமா, காபனா?"

காலையில் ஸுபைதாவிடம் சொன்ன பதில் அவர் நாக்கின் நுனியில்தான் இருந்தது. காபன் என்று சொன்னால் அவளுடைய காபன் சைக்கிள் இனி இந்தக் கடைக்கு வரும். இந்த வைஸில் ஏறும். இந்தக் கையில் மாட்டும்.

"டைட்டேனியம்" என்றார்.

கேட்டவர்கள் அசந்துபோகும்படி காரணம் சொன்னார். டைட்டேனியம் துருப்பிடிக்காது, மழைக்கும் வேர்வைக்கும் பயமில்லை. விழுந்தால் நெளியும், சட்டென்று உடையாது. குழி விழுந்த ரோட்டில் உடம்புக்கு வரும் ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். காபன் ஒரு பக்கம் மலை மாதிரி பலம், இன்னொரு பக்கம் முட்டை. எங்கே எப்படி இடிபட்டது என்று வெளியே தெரியாது, உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வீடியோவில் கேட்டதும் கண்டியில் தூக்கிப் பார்த்ததும் சேர்ந்து, முப்பத்தாறு வருட அனுபவம் போல வெளியே வந்தன.

"பாரம்?" என்றாள் தர்ஷிகா. "அரைக் கிலோ கூட இருக்குமே நானா?"

"அரக் கிலோவ கால் இழுக்கும் மகள். ஒடஞ்சத கால் இழுக்காது."

இருளாண்டி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தலையாட்டினார். தர்ஷிகா அந்த வாக்கியத்தைப் போனில் தட்டி அப்போதே அண்ணனுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள்.

"ஆனா ஞாயித்துக்கெழம இதுல ரிவர்ஸ்டன் மலை ஏறி ஒரு தடவ அந்தப் பக்கம் முழு வேகத்துல இறங்கிப் பாக்கப்போறேன். காபன் இறக்கத்துல எப்படிப் போகும்னு தெரிஞ்சாத்தானே, வேணாம்னு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்?"

அவள் ஒரு கையால் சைக்கிளைத் தூக்கிப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, தேங்காய் மொத்த வியாபாரி ஜைனுதீன் ஸக்கரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனத்த நானா, டைட்டேனியம் அது இதுன்னு பெரிய சயன்டிஸ்ட் ஆகிட்டீங்களாம்? என்ட மருமகனும் சைக்கிள் வாங்கணும்னு நிக்கிறான், ஒங்கள்ட்ட அனுப்புறேன்." ஸக்கரியா செருப்பைத் தேடுவது போல் குனிந்தார். செருப்பு காலடியிலேயே இருந்தது.

அன்று பின்னேரம் கடைக்கு வந்த ஸுபைதா, வைஸின் தாடைகளைப் பார்த்தாள். சுற்றியிருந்த டியூபை அவர் அவிழ்த்துப் போட்டிருந்தார். பலாக்கட்டையின் குடைவை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"காபன்னு சொன்னீங்க. டைட்டேனியம்னு சொல்லியிருக்கிறீங்களாம். கடைக்கி வாறவங்க எல்லாம் பேசிக்கிறாங்க."

"யோசிச்சிப் பார்த்தேன்."

"ஸ்டிக்கரையும் மேல ஒட்டினீங்களாம். ஒங்களுக்கு மேல ஒட்டுறதே பிடிக்காதே. மறையுற எடத்துலதான் பேர் ஈக்கணும்னு சொல்ற ஆள்தானே?"

அவர் அவிழ்த்துப் போட்ட டியூபை எடுத்து மீண்டும் சுற்றத் தொடங்கினார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கேள்வி கேட்டு முடித்த பிறகு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியும். அவ்வளவு நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை அவர் தர்ஷிகாவுக்கு மூன்று தடவை போன் எடுத்தார். முதல் தடவை அவள் எடுப்பதற்குள் துண்டித்தார். இரண்டாவது தடவை, "நாளைக்கி ரிவர்ஸ்டன்ல மழையாம் மகள், போகாம இருந்தா நல்லம்" என்றார். "மழை இல்லாத ரிவர்ஸ்டன் எங்க இருக்கு நானா?" என்று சிரித்தாள் அவள். மூன்றாவது தடவை, "பிரேக் கட்டைய ஒருக்கா பார்க்கணும், சைக்கிளக் கொண்டாங்களே" என்றார். "பிரேக் எல்லாம் தங்கம் மாதிரி இருக்கு. நீங்க தொட்ட சைக்கிள் நானா, எனக்கு என்ன பயம்?" என்றாள்.

அவர் போனை வைத்தார். ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பிரேம் வெடித்திருக்கு, ஏறாதீங்க. அவ்வளவுதான். மூன்று தடவையும் அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, உள்ளே நுழையவில்லை. ரிவர்ஸ்டன் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மழையையும் பிரேக்கையும் பற்றிப் பேசினார். பிறகு எத்தனையோ மாதம் கழித்தும் அவரைக் கூசச் செய்வது வைஸில் கேட்ட அந்த டிக் அல்ல. இந்த மூன்று போன்தான்.

ஞாயிறு காலை ஸுபஹ் தொழுதுவிட்டு, விடிந்தும் விடியாமலும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். இரத்தோட்டையில் கடை திறந்துகொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தார். மூன்று சைக்கிள் போய் முக்கால் மணித்தியாலம் ஆகிறதாம், முன்னால் ஒரு பொண்ணு. அவருடைய மோட்டார் சைக்கிள் பழையது. தேயிலைக்கு மேலே ரோடு வளைய வளைய இரைந்துகொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரம் யாராவது கூடி நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. மூடுபனி ரோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது.

உச்சியில், காற்று எப்போதும் ஆளைத் தள்ளும் அந்தக் கணவாயில், மூன்று பேர் நின்றார்கள். கண்டியிலிருந்து வந்த இரண்டு பேர் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தர்ஷிகா ஹெல்மெட்டின் பட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளின் முன் சக்கரம் இறக்கத்தைப் பார்த்திருந்தது.

"நானா! நீங்களா? இறக்கத்தப் பாக்க வந்தீங்களா?" அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். மற்ற இருவரிடமும் திரும்பி, "இவருதான் நான் சொன்ன நானா. ஒடஞ்சதக் கால் இழுக்காதுன்னு சொன்னவரு" என்றாள். ஒருவர் வாழைப்பழத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கைகொடுக்க வந்தார்.

ஸக்கரியா கை கொடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடாமலே இறங்கினார். அது சாய்ந்து புல்லில் விழுந்தது.

"ஸ்டிக்கர் கோணலா ஈக்கி மகள்" என்றார். "சரிபண்ணித் தாறேன்."

முப்பது கிலோமீட்டர் வந்து, அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான்.

"ஸ்டிக்கருக்காகவா மலை ஏறி வந்தீங்க?" தர்ஷிகா சிரித்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "நானா?"

அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைச் சுரண்டினார். தேய்த்து ஒட்டியது, இலேசில் வரவில்லை. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. மூன்று பேர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரைத் துண்டு துண்டாகக் கிழித்து எடுத்தார். முதலில் சிங்களம் வந்தது, பிறகு தமிழ் பாதி. கடைசித் துண்டோடு அந்தக் கோடு தெரிந்தது. வியாழக்கிழமை அரைத் தீக்குச்சி நீளமாக இருந்தது. இப்போது குழாயின் அடிப்பக்கம் வரை போயிருந்தது.

 காற்று கிழிந்த துண்டுகளை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது.

"வியாழக்கிழம" என்றார் ஸக்கரியா, நிமிராமல். "வைஸ்ல. நீங்க பிரேம்ல பிடிக்க வேணாம்னு சொன்னீங்க. பிடிச்சேன். ஒரு திருகு கூடக் குடுத்தேன். சத்தம் கேட்டிச்சி. கேட்டுட்டுத்தான் ஒட்டினேன்."

தர்ஷிகா குனிந்து, கோட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு இறக்கத்தைப் பார்த்தாள். முதல் வளைவு பனிக்குள் போய் மறைந்திருந்தது. ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றினாள். 

"நேத்து மூணு தடவ போன் எடுத்தீங்க."

"ஓம்."

"மழைன்னு சொன்னீங்க."

"ஓம் மகள்."

அவள் ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் நினைத்தார். கண்டிக்காரர்களில் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"டைட்டேனியம்னு சொன்னதும் இதுக்காகத்தானா?"

"சொன்னதெல்லாம் உண்மதான். ஆனா அதுக்காகச் சொல்லல்ல. காபன் வாங்கினா எங்கடக் கடைக்கித்தான் வரும்னு பயந்தேன்."

"அப்ப இப்பவாவது உண்மையச் சொல்லுங்க நானா. எனக்கு எது?"

இருவருக்கும் நடுவில் வெடித்த காபன் பிரேம் நின்றது. அவர் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"காபன்" என்றார்.

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். தர்ஷிகா சிரிக்கவில்லை. மாத்தளைக்கு இறங்கும் பஸ் வரும் வரை அரை மணித்தியாலம் அவர்கள் ரோட்டோரம் நின்றார்கள். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற அவர் உதவ வந்தபோது, "நான் பிடிச்சிக்கிறேன்" என்றாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஸக்கரியா அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கண்டிக்குப் போய்த் துஷாந்தைச் சந்தித்தார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். துஷாந்த் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாலு தடவ சொன்னேன் அவகிட்ட, சீட்டுத் தண்டுலன்னு" என்றார். அவ்வளவுதான். காபன் ஒட்டுகிற ஒருவர் கொழும்பில் இருந்தார். ஸக்கரியா பிரேமைப் போர்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோய், ஒரு மாதம் கழித்து அதே மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பயணத்திலும் சீட்டுத் தண்டைத்தான் பிடித்திருந்தார்.

ஓகஸ்டில் சசிக்குமார் வந்தான். ஒரு பின்னேரம் தர்ஷிகா பெரிய அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். ஸக்கரியா பெட்டியைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், பெயின்ட் இல்லாத டைட்டேனியம்.

"காபன்னுதானே சொன்னேன்?" என்றார் மெதுவாக. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"காபன்தான் நல்லது. எனக்கும் தெரியும்" என்றாள் அவளும் மெதுவாக. "ஆனா ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கொழும்புக்கு ஓட ஏலாது. இந்தப் பக்கத்துல அதப் பிடிக்கிற கை இல்லையே நானா."

அவள் குத்திக்காட்டவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னாள். அதனால்தான் அது அவருக்கு ஆறவில்லை.

புதிய தாடைகள் செய்திருந்தார். எல்லா வடிவத் தண்டுக்கும் பொருந்தும்படி, உள்ளே தடித்த கம்பளித் துணி வைத்து. சீட்டுத் தண்டில் பிடித்தார். போதும் என்கிற இடம் வந்தது. கையை எடுத்தார். இரண்டு நாளில் சைக்கிளைப் பூட்டி முடித்தார். ஸ்டிக்கர் இழுப்பறையை அவர் திறக்கவில்லை. அவள் திறந்தாள். ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வேணாம் மகள்."

"ஒட்டுங்க. மேல. அதே எடத்துல."

ஒட்டினார்.

மலையில் நடந்ததை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாகிப்போனது. சாம்பல் நிறச் சைக்கிள் அலுவிகாரையைக் கடக்கும்போதெல்லாம், டைட்டேனியம் வாங்கச் சொன்னது நம்முடைய ஸக்கரியா நானாதான் என்று ஆட்கள் சொன்னார்கள். ஒக்டோபரில் தேசிய மட்டப் போட்டியில் தர்ஷிகா நான்காவதாக வந்தாள். மூன்றாவது ஆளுக்கும் அவளுக்கும் ஒன்பது செக்கன் வித்தியாசம். கடைசி மேட்டில் போன ஒன்பது செக்கன். 'நாலாவது, ஐலண்ட்ல நாலாவது!' என்று ஊர் கொண்டாடியது. ஜைனுதீன் கடைக்கே வந்து பாராட்டினார். ஸக்கரியா அரைக் கிலோவையும் அந்த மேட்டையும் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், இருளாண்டி பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் நானா, எங்க எல்லாருக்கும் கீழ ஒட்டுறீங்க. டீச்சர் சைக்கிளுக்கு மட்டும் ஏன் மேல? நானும் முப்பது வருஷமா வாறேன், எனக்கு அந்த மரியாத இல்லையா?"

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பஸ் எதுவும் போகவில்லை. ஸக்கரியா கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார்.

"மரியாதையில்ல, இருளாண்டிண்ணே. மொத மொத ஒட்டினது வேற சைக்கிள்ல. அந்த ஸ்டிக்கருக்கு அடியில ஒரு வெடிப்பு ஈந்திச்சி. நான் வெடிக்க வெச்சது. மறைக்கத்தான் ஒட்டினேன்."

முழுவதையும் சொன்னார். வைஸ், டிக், மூன்று போன், மலை. காரணங்கள் அத்தனையும் சொல்லிவிட்டு, காலையில் காபன் என்று நினைத்துப் பத்து மணிக்கு டைட்டேனியம் என்று சொன்னதையும் சொன்னார். உள்வாசலில் ஸுபைதா வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை.

 ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் தன் டியூபை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொன்னார். இருளாண்டி பத்திரிகையை நான்காக மடித்து மேசையில் வைத்தார். எழுந்து வெளியே போனார். வாசலில் சாய்த்து வைத்திருந்த தன் இரும்புச் சைக்கிளுக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். வேட்டியை ஒதுக்கினார். பெடலுக்கு மேலே, முப்பது வருடத்தில் வெளிறிப்போயிருந்த மஞ்சள் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

ஸக்கரியா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்டிக்கருக்கு அடியில் வெடிப்பு எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொன்னால் இனிச் செல்லாது.